மணிக்கூடு ஒத்துவராத போது: சிறப்புச் சார்பியல் கணக்கில் பிழை பார்க்கும் முறை

மிக வேகமாகப் போகிறவற்றின் நேரமும் தூரமும் பற்றிய ஐன்ஸ்டைனின் சிறப்புச் சார்பியல் கணக்கில் சமன்பாடு பிழைப்பது குறைவு. காமாவை (ஓடும் மணிக்கூடு எத்தனை மடங்கு மெதுவாகும் என்று சொல்லும் எண்) சரியாகக் கண்டுபிடிப்பார்கள், நீளச் சுருக்கமும் (ஓடும் பொருளின் நீளம் அதே மடங்கு குறைவது) சரியாக வரும். கடைசியில் இரண்டு விடைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும். "சேர், ரெண்டு பக்கமும் சரியாத்தான் செய்தனான், ஆனா ஒத்து வருகுதில்லை" என்று கொப்பியை நீட்டுகிற பிள்ளையிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: தூரத்தில் நிற்கிற அந்த மணிக்கூட்டுக்கு யாருடைய கணக்கில் நேரம் வைத்தது? தரையில் நிற்பவருடையதா, ரயிலில் போகிறவருடையதா? அந்த ஒரு வரி கொப்பியில் இருக்காது.

இதை முதலிலிருந்து வரிசையாக வாசிக்க வேண்டும் என்றில்லை. உங்களுக்கு வந்த பிழையான எண் எதுவோ, அந்த இடத்துக்கு நேரே போகலாம். எல்லா இடத்திலும் ஒரே கணக்குத்தான் வரும் என்பதால் அதை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.

எடுத்துக்கொள்ளும் கணக்கு

யாழ்ப்பாணம் ரயில் நிலையத்தில் ஒரு மணிக்கூடு, காங்கேசன்துறை நிலையத்தில் இன்னொன்று. இடையில் 18 கிலோமீற்றர் என்று வைப்போம், பாதையும் நேர்கோடு. ஒளி செக்கனுக்கு 3 இலட்சம் கிலோமீற்றர் போகும். ஆகவே இந்தத் தூரத்துக்கு அதற்கு 60 மைக்ரோசெக்கன். இனி வெறும் எண் வந்தால் அது மைக்ரோசெக்கன் என்றே எடுங்கள். ரயில் ஒளியின் வேகத்தில் 0.6 பங்கில் வடக்கே போகிறது. கொக்குவில், கோண்டாவில், சுன்னாகம் எதிலும் நிற்காது. யாழ்ப்பாண நிலையத்தைக் கடக்கும் கணத்தில் நிலைய மணிக்கூடு 0, ரயில் மணிக்கூடும் 0.

தரையின் கணக்கில் பயணம் 60 ÷ 0.6 = 100. எனவே ரயில் வந்து சேரும்போது காங்கேசன்துறை மணிக்கூடு 100 காட்டும். காமா 1 ÷ √(1 − 0.6²) = 1.25. ரயில் மணிக்கூடு 100 ÷ 1.25 = 80 காட்டும். இந்த 80, 100 இரண்டிலும் யாருக்கும் சச்சரவு வராது. பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இரண்டு மணிக்கூடுகளை யார் எட்டிப் பார்த்தாலும் அதே எண்தான்.

64 வருகிறது, ஆனால் எதிரே நிற்பது 100

ரயிலில் இருப்பவர் பக்கத்திலிருந்து செய்யும்போது வரும் சிக்கல் இது. அவருக்கு நிலையங்கள்தான் தெற்கே ஓடுகின்றன. ஓடுகிற மணிக்கூடு மெதுவாகப் போகும். அவருடைய பயணம் 80, ஆகவே நிலைய மணிக்கூடுகள் 80 ÷ 1.25 = 64 தான் ஓடியிருக்க வேண்டும். காங்கேசன்துறையிலோ 100. இந்த இடத்தில் பலர் காமாவைத் தலைகீழாகப் போட்டு 100 ஐ வரவழைத்துவிடுவார்கள். செய்யாதீர்கள். 64 சரியான விடைதான்.

எத்தனை மணிக்கூடு பார்த்தீர்கள் என்று எண்ணுங்கள். ரயிலில் ஒன்று. தரையில் இரண்டு: தொடக்கத்தை யாழ்ப்பாணத்தில் வாசித்தீர்கள், முடிவைக் காங்கேசன்துறையில் வாசித்தீர்கள். ஒரு மணிக்கூடு எவ்வளவு ஓடியது என்பதற்கு விடை 64. 100 என்பது இரண்டாவது மணிக்கூடு காட்டுகிற எண். ரயில் யாழ்ப்பாணத்தைக் கடந்த அதே கணத்தில் காங்கேசன்துறை மணிக்கூடும் 0 காட்டியது என்று சொல்லாமலே எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது தரையின் கணக்கில்தான் உண்மை. ரயிலின் கணக்கில் அப்போது அது 36 காட்டியது. 36 + 64 = 100.

சரி, இந்த 36 எங்கிருந்து வந்தது? இதைச் சூத்திரத்தில் போட்டு எடுப்பதைவிட நேரம் வைத்த முறைக்குள் போய்ப் பார்ப்பது நல்லது. ஐன்ஸ்டைன் 1905 இல் எழுதிய முறை இப்படி: யாழ்ப்பாணத்தில் 0 இல் ஓர் ஒளித்துடிப்பை விடுங்கள். அது காங்கேசன்துறையில் ஒரு கண்ணாடியில் பட்டு 120 இல் திரும்பி வரும். போனதும் வந்ததும் சமம் என்று வைத்தால் பாதி 60. ஆகவே கண்ணாடியில் பட்ட கணத்தில் அங்குள்ள மணிக்கூடு 60 காட்டும்படி வையுங்கள். அவ்வளவுதான்.

இதையே ரயிலில் இருந்து பாருங்கள். ஒளியின் வேகம் இங்கும் அதுவே. நிலையங்களுக்கு இடையே சுருங்கிய தூரம் 14.4 கிலோமீற்றர், அதாவது ஒளிக்கு 48. காங்கேசன்துறை தெற்கே, ஒளியை எதிர்கொண்டு வருகிறது. எனவே போவதற்கு 48 ÷ 1.6 = 30. திரும்பும்போது யாழ்ப்பாணம் ஒளிக்கு முன்னால் விலகி ஓடுகிறது; 48 ÷ 0.4 = 120. மொத்தம் 150. நிலைய மணிக்கூடு மெதுவாக ஓடுவதால் அதில் 150 ÷ 1.25 = 120. தரையில் வாசித்த அதே 120, இதுவரை எல்லாம் ஒத்துப்போகிறது. ஆனால் ஒளி கண்ணாடியில் பட்டபோது, ரயிலின் கணக்கில், யாழ்ப்பாண மணிக்கூட்டில் ஓடியது 30 ÷ 1.25 = 24 மட்டுமே. நிலையக்காரர்களோ காங்கேசன்துறை மணிக்கூட்டை 60 இல் வைத்துவிட்டார்கள். 60 − 24 = 36. நிலையக்காரர்களும் பிழைவிடவில்லை, ரயில்காரரும் பிழைவிடவில்லை. போனதும் வந்ததும் சமம் என்பதைத் தரை ஏற்கிறது, ரயில் ஏற்கவில்லை.

அடுத்தடுத்த கணக்குகளில் இந்த வித்தியாசத்துக்குச் சூத்திரம்: ஓய்வில் அளந்த தூரம் × வேகம் ÷ ஒளிவேகத்தின் வர்க்கம். இங்கே 60 × 0.6 = 36.

நிஜமான ரயிலில் இது எவ்வளவு என்று கேட்பார்கள். மணிக்கு 72 கிலோமீற்றரில் போனால் இதே 18 கிலோமீற்றருக்கு 4 பிக்கோசெக்கன், அதாவது செக்கனின் ஒரு இலட்சம் கோடிப் பங்கில் நான்கு. யாழ்தேவி ரயில் தாமதமாக வருவதற்கு வேறு காரணம் தேடுங்கள்.

92.8 வந்தால்

சுருங்கிய தூரமான 48 ஐ எடுத்து 48 × 0.6 = 28.8 என்று போட்டிருக்கிறீர்கள். 28.8 + 64 = 92.8. மணிக்கூடுகள் எந்தச் சட்டகத்தில் (யாருடைய கணக்கில் அளக்கிறோமோ அதுதான் சட்டகம்: தரை, அல்லது ரயில்) ஓய்வில் இருக்கின்றனவோ அந்தச் சட்டகத்தின் தூரத்தைப் போடுங்கள். நிலையங்கள் தரையில் நிற்கின்றன, எனவே 60.

28 வந்தால்

36 ஐக் கூட்டாமல் கழித்திருக்கிறீர்கள். குறியை மனப்பாடம் செய்யாமல் ஒரு வரியில் பிடிக்கலாம்: ஓட்டத்தில் பின்னால் வருகிற மணிக்கூடு நேரத்தில் முந்தி நிற்கும். ரயிலில் இருந்து பார்த்தால் தரை தெற்கே ஓடுகிறது. யாழ்ப்பாணம் முன்னால், காங்கேசன்துறை பின்னால். ஆகவே காங்கேசன்துறைதான் முந்தும்.

160 அல்லது 40 வந்தால்

கணக்கு பிழையில்லை, கேள்வி மாறிவிட்டது. "என்ன நேரம்" என்று கேட்டதற்கு "என்ன தெரிகிறது" என்று பதில் சொல்லியிருக்கிறீர்கள்.

ரயில் யாழ்ப்பாணத்தைக் கடக்கும்போது பயணி தொலைநோக்கியால் காங்கேசன்துறை மணிக்கூட்டைப் பார்க்கிறார். ஒளி வந்து சேர நேரம் எடுக்கும் என்பதால் அவருக்குத் தெரிவது 0 அல்ல, 36 உம் அல்ல. முள் −60 இல், பூச்சியத்துக்கு 60 முன்னால் நிற்கிறது. போய்ச் சேரும்போது 100. தன்னுடைய 80 க்குள் அந்த முள் 160 ஓடுவதைப் பார்க்கிறார், இரட்டை வேகம். திரும்பி யாழ்ப்பாண மணிக்கூட்டைப் பார்த்தால் வந்து சேரும் கணத்தில் அது 40 காட்டும், அரை வேகம். இது டொப்ளர் விளைவு. கிட்டே வரும் மணிக்கூடு வேகமாகவும் விலகும் மணிக்கூடு மெதுவாகவும் தெரியும். காமா இதற்குள் ஒளிந்திருக்கிறது, ஆனால் இது காமா அல்ல.

அந்த −60 இல் கொஞ்சம் நிற்பது நல்லது. யாழ்ப்பாண மேடையில் நிற்கிற ஒருவரும் அதே கணத்தில் ஒரு தொலைநோக்கியால் பார்க்கிறார் என்று வையுங்கள். ஒரே இடம், ஒரே கணம், கண்ணுக்குள் போவது ஒரே ஒளி. இருவருக்கும் தெரிவது −60 தான். இருவரும் படம் எடுத்தால் இரண்டு படமும் ஒன்றுபோலவே இந்த எண்ணைக் காட்டும். மேடையில் நிற்பவர் சொல்கிறார்: ஒளி வர 60 ஆனது, ஆகவே இப்போது அங்கே 0. பயணி சொல்கிறார்: அந்த ஒளி புறப்பட்டபோது காங்கேசன்துறை எனக்கு ஒளிக்கணக்கில் 120 தூரத்தில் இருந்தது, ஒளி வர 120 ஆனது, அந்தநேரம் மெதுவாக ஓடும் அந்த மணிக்கூடு 120 ÷ 1.25 = 96 ஓடியிருக்கும்; −60 + 96 = 36. பார்த்த பொருளில் வித்தியாசம் இல்லை. பார்த்ததிலிருந்து "இப்போது" என்ற சொல்லுக்கு வந்து சேரும் வழியில்தான் வித்தியாசம்.

சில புத்தகங்கள் இரண்டுக்கும் "காண்கிறார்" என்ற ஒரே வினையைப் போடுகின்றன. வினாத்தாளிலும் அப்படி வரும். கேள்வியில் தொலைநோக்கி, படம், ஒளி வந்து சேர்தல் என்று ஏதாவது இருந்தால் டொப்ளர். அப்படி எதுவும் இல்லாவிட்டால் ஒளித்தாமதம் ஏற்கெனவே கழிக்கப்பட்டுவிட்டது என்று எடுங்கள்.

ரயிலுக்குள் வைத்த மணிக்கூடுகளில் 0.6 க்குப் பதில் 0.75

இப்போது மணிக்கூடுகள் ரயிலில். 300 மீற்றர் நீள ரயில் (ஒளிக்கு 1), என்ஜினில் ஒன்று, கடைசிப் பெட்டியில் ஒன்று. நடுவிலிருந்து ஒரு விளக்கைப் போட்டு, ஒளி பட்டதும் இரண்டும் 0 இலிருந்து ஓடத் தொடங்குகின்றன. தரையில் நிற்பவருக்கு இவை எவ்வளவு வித்தியாசம்?

தரையில் ரயில் 240 மீற்றர், பாதி 120 மீற்றர், ஒளிக்கு 0.4. கடைசிப் பெட்டி ஒளியை நோக்கி வருகிறது: 0.4 ÷ 1.6 = 0.25. என்ஜின் விலகி ஓடுகிறது: 0.4 ÷ 0.4 = 1. வித்தியாசம் 0.75. பிள்ளைகள் இதோடு பேனையை வைத்துவிடுவார்கள்.

0.75 என்பது இரண்டு மணிக்கூடுகளும் தொடங்கிய கணங்களுக்கு இடையே தரையில் போன நேரம். கேட்டது, தரையின் ஒரே கணத்தில் இரண்டும் காட்டுகிற எண்களின் வித்தியாசம். பின் மணிக்கூடு அந்த 0.75 க்குள் மெதுவாகத்தான் ஓடியது: 0.75 ÷ 1.25 = 0.6. சூத்திரம் தருவதும் அதுவே, 1 × 0.6. உங்கள் விடைக்கும் புத்தக விடைக்கும் இடையில் சரியாகக் காமா அளவு விகிதம் நின்றால் இந்த இடத்தையும் 92.8 ஐயும் பாருங்கள். இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

போய்த் திரும்பினால் 72 காணாமல் போகிறது

ரயில் காங்கேசன்துறையில் சட்டென்று திரும்பி அதே வேகத்தில் யாழ்ப்பாணம் வருகிறது. நிலைய மணிக்கூடு 200, ரயில் மணிக்கூடு 160. இரட்டையர் புதிர் (பயணம் போய்த் திரும்பிய இரட்டையர் ஊரில் நின்றவரைவிட இளமையாக இருப்பார் என்பது) என்று எல்லோரும் கேள்விப்பட்டதுதான். ரயில்காரர் பக்கத்திலிருந்து செய்தால், போகும்போது யாழ்ப்பாண மணிக்கூடு 64, வரும்போது 64, மொத்தம் 128. மீதி 72 எங்கே?

72 = 36 + 36 என்பதைக் கண்டதும் பாதி வேலை முடிந்தது. திரும்புவதற்குச் சற்று முன், வடக்கே போகும் ரயிலின் கணக்கில் யாழ்ப்பாணத்தில் "இப்போது" 64. திரும்பிய உடனே, தெற்கே போகும் ரயிலின் கணக்கில் அங்கே "இப்போது" 136. பிறகு வரும் வழியில் 64; 136 + 64 = 200.

இதைக் காட்டியதும் அடுத்த சந்தேகம் வரும்: காங்கேசன்துறையில் ரயில் திரும்பினால் யாழ்ப்பாணத்தில் முள் பாயுமா? பாயாது. அங்கே ஒன்றும் நடக்கவில்லை. பயணி ஒரு கணக்குப் புத்தகத்தை மூடி இன்னொன்றைத் திறந்தார், இரண்டிலும் "இப்போது" என்ற பத்தி வேறு வேறு. பார்ப்பதை மட்டும் வைத்துச் செய்தால் பாய்ச்சலே கிடையாது: போகும்போது தன் 80 க்குள் 40 பார்த்தார், வரும்போது தன் 80 க்குள் இரட்டை வேகத்தில் 160 பார்த்தார், மொத்தம் 200. விளங்காத பிள்ளைக்கு நான் எப்போதும் இந்த இரண்டாவது வழியைத்தான் முதலில் காட்டுவேன். அதில் தூரத்து "இப்போது" எங்குமே வருவதில்லை.

"இது நாடுகளின் நேர வித்தியாசம் மாதிரித்தானே?"

எண் பிழையில்லாமல் யோசனை பிழைத்தால் வரும் கேள்வி. எங்கள் ஊரில் இந்த யோசனை வருவதற்குக் காரணமும் உண்டு. 1996 மே மாதம் இலங்கையின் மணிக்கூடுகள் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டன, ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே வந்தன, 2006 ஏப்ரலில்தான் பழைய ஐந்தரைக்கு (கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்) திரும்பின. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் அந்தக் காலம் முழுவதும் பழைய நேரமே நடந்தது. ஏ9 பாதை திறந்தபின் முகமாலைச் சோதனைச்சாவடியைத் தாண்டியவர்கள் கைமணிக்கூட்டில் அரை மணித்தியாலம் மாற்ற வேண்டியிருந்தது. பழைய நேரமா புதிய நேரமா என்று கேட்டுவிட்டுத்தான் ஓர் இடத்துக்குப் புறப்படுவது.

அந்த வித்தியாசம் எல்லையில் ஒரே பாய்ச்சலாக வந்தது. எல்லைக்கு அப்பால் எவ்வளவு தூரம் போனாலும் அதே அரை மணித்தியாலம். இங்கே எல்லை இல்லை. பாதி வழியில் 18, முழு வழியில் 36, தூரத்தோடு சீராகக் கூடும். அங்கே ஒருவர் மற்றவரைவிட முந்தியிருக்கிறார் என்பதை இருவரும் ஒப்புக்கொள்வார்கள். இங்கே ரயில்காரர் நிலைய மணிக்கூடுகள் ஒத்துவரவில்லை என்கிறார், நிலையக்காரர் ரயில் மணிக்கூடுகள் ஒத்துவரவில்லை என்கிறார், இரண்டும் சரி. அப்புறம், இதை எந்த அரசாங்கமும் அறிவித்து மாற்ற முடியாது.

"அப்போ எல்லாம் வெறும் உடன்பாடுதானா?"

கெட்டிக்காரப் பிள்ளைகள் மேற்கண்டதற்கு நேர் எதிர்ப்பக்கம் விழுவார்கள். ஒளி போவதற்கும் வருவதற்கும் ஒரே நேரம் என்று யார் அளந்தது? யாரும் இல்லை. ஒரு மணிக்கூட்டால் அளக்கக்கூடியது போய்வரும் நேரம் மட்டுமே. ஒருவழி நேரத்தை அளக்க அங்கே ஏற்கெனவே நேரம் வைத்த இன்னொரு மணிக்கூடு வேண்டும். பிரெஞ்சுக் கணித அறிஞர் புவான்காரே 1898 இலேயே இதைச் சொல்லிவிட்டார். பின்னர் ஜெர்மன் மெய்யியலாளர் ரைஹன்பாக், பாதி என்பதற்குப் பதில் 0 க்கும் 1 க்கும் இடையில் எந்தப் பின்னத்தையும் எடுக்கலாம் என்றார்.

எடுத்துப் பாருங்கள். 0.5 க்குப் பதில் 0.2. ஒளி கண்ணாடியில் பட்டபோது காங்கேசன்துறை மணிக்கூடு 120 × 0.2 = 24 இல் வைக்கப்படும். இந்த 24 ஐ ஏற்கெனவே கண்டோம், ரயிலின் கணக்கில் யாழ்ப்பாண மணிக்கூடு காட்டிய எண். ரயில் வந்து சேரும்போது காங்கேசன்துறை இனி 100 காட்டாது, 64 காட்டும். அந்த மணிக்கூடு இப்போது ரயிலின் "இப்போது"க்கு வைக்கப்பட்டிருக்கிறது. விலையும் உண்டு: இந்த மணிக்கூடுகளால் அளந்தால் ஒளி வடக்கே 24 இலும் தெற்கே 96 இலும் போகும்.

ஆகவே 0, 36, 64, காங்கேசன்துறையின் 100, எல்லாம் நேரம் வைத்த முறையோடு மாறும். போய்த் திரும்பியபின் யாழ்ப்பாணத்தில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கும் 160 உம் 200 உம் மாறாது. யாழ்ப்பாண மணிக்கூடு 40 இலிருந்து 200 வரை ஓடுவதைப் பயணி பார்த்ததும் மாறாது. உங்கள் விடை எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று பார்த்துக்கொண்டு வாதாடுங்கள்.

ஒளி வேண்டாம், மணிக்கூட்டைக் கையில் கொண்டுபோனால்?

போகலாம். யாழ்ப்பாணத்தில் நேரம் வைத்து, சைக்கிள் கூடையில் போட்டு, செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் மிதித்தால் ஒரு மணித்தியாலத்தில் காங்கேசன்துறை. மணிக்கூடு பின்தங்குவது அரைப் பிக்கோசெக்கன். இன்னும் மெதுவாகப் போனால் இன்னும் குறையும். எல்லையில் ஐன்ஸ்டைன் வைத்த நேரத்துக்கே வந்துசேரும். ஆனால் ரயிலுக்குள் ஒருவர் பெட்டி பெட்டியாக மெதுவாக நடந்து இதைச் செய்தால் அவருக்கு வருவது ரயிலின் நேரம், தரையின் நேரமல்ல. 36 இதனால் தீராது.

வட்டமாகச் சுற்றி வந்தால் நேரம் ஒட்டாது

நேர்ப்பாதையில் எல்லாம் சரி, சுற்றிவரும் பாதையில் பிழைக்கிறது என்றால் காரணம் சுழற்சி. பூமத்திய கோட்டில் ஒன்றுக்கு அடுத்தது என்று மணிக்கூடுகளை ஒளியால் நேரம் வைத்துக்கொண்டே உலகைச் சுற்றி வந்தால், கடைசி மணிக்கூடு முதல் மணிக்கூட்டோடு 207 நனோசெக்கன் ஒத்துவராது. இதைச் சக்னக் விளைவு என்பார்கள். சுழலும் தரை முழுவதற்கும் ஒரே "இப்போது" இல்லை. 1971 இல் ஹாஃபெலே, கீட்டிங் என்ற இரு ஆய்வாளர்கள் சீசியம் அணு மணிக்கூடுகளை விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றியபோது கிழக்கே போனவை 59 நனோசெக்கன் பின்தங்கின, மேற்கே போனவை 273 நனோசெக்கன் முந்தின. அதில் ஈர்ப்பின் பங்கும் உண்டு, ஆனால் கிழக்குக்கும் மேற்குக்கும் இடையிலான வேறுபாட்டின் பெரும்பகுதி சுழற்சியால் வந்தது.

கைப்பேசி வழிகாட்டும் ஜிபிஎஸ் இதை ஒரே அடியாகத் தீர்த்துக்கொண்டது. பூமியோடு சுழலாத, பூமியின் மையத்தோடு போகிற ஒரு சட்டகத்தைத் தேர்ந்தெடுத்து, எல்லாச் செய்மதி மணிக்கூடுகளுக்கும் அதன்படி நேரம் வைத்தார்கள். வேகத்தால் அவை நாளுக்கு 7 மைக்ரோசெக்கன் பின்தங்கும், உயரத்தில் ஈர்ப்புக் குறைவதால் 45 முந்தும், நிகரம் 38. அந்த 38 ஐ ஏவுவதற்கு முன்னரே அதிர்வெண்ணைச் சற்றுக் குறைத்துச் சரிசெய்துவிடுகிறார்கள். சுழற்சிக்கான திருத்தம் மட்டும் கையில் இருக்கும் கருவியின் பொறுப்பு.